ஒழுகும் ரேடியேற்றருக்குப் போத்தல் மருந்தா, கராஜ் வேலையா?

"கூலன்ட் குறையுது, ஆனா கீழ ஒரு சொட்டும் இல்ல." கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் திருகோணமலைக் கராஜ்களில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு இது. அடுத்த கேள்வியும் கூடவே வரும்: பாட்ஸ் கடையில் இருக்கிற, கசிவை அடைக்கும் ஸ்டொப் லீக் போத்தலை ஊற்றிப் பார்ப்போமா, அல்லது ரேடியேற்றரைக் கழற்றுவோமா?

போத்தலின் விலை புதிய ரேடியேற்றரின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது, எனவே ஆசை வருவது இயல்பு. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடியும் வழி திறந்தது. அந்த இடைவெளியில் "இதை விற்றுவிட்டு வேறு எடுப்போம்" என்ற நினைப்பே பலருக்கு இல்லாமல் போனது. விளைவாக, பத்துப் பதினைந்து வயது தாண்டிய கார்களும் வான்களும் நிறையவே ஓடுகின்றன. அந்த வயதில் பிளாஸ்டிக் வெடிக்கும், ரப்பர் காயும், அலுமினியம் அரிக்கும். ஆக, இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு இந்தக் கேள்வி உங்களிடமும் வரும்.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். ஸ்டொப் லீக் ஏமாற்று வேலை இல்லை. ஆனால் ரேடியேற்றர் வேலைக்கு அது மாற்றும் இல்லை. ரேடியேற்றர் கோரில், அதாவது நடுவில் உள்ள குழாய்ப் பகுதியில், ஊசித்துளை விழுந்து, வீட்டுக்கோ கராஜுக்கோ போய்ச் சேரவேண்டிய நிலையில் அது நல்ல பொருள். மற்ற எல்லா இடங்களிலும் ஒன்றில் பயனில்லை, அல்லது கேடு. ஆகவே போத்தலா வேலையா என்று கேட்பதற்கு முன்னால், எங்கே ஒழுகுகிறது என்று கேட்க வேண்டும்.

கீழே சொட்டு இல்லாமல் தண்ணீர் எப்படிக் குறைகிறது? ஓடும் எஞ்சினில் கூலன்ட் சும்மா சுற்றுவதில்லை, அழுத்தத்தில் சுற்றுகிறது. ஜப்பான் கார்களின் ரேடியேற்றர் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூடி தாங்கிப் பிடிக்கிற அழுத்தம் அது. 0.9 மூடி சரியாக வேலை செய்தால், 100 பாகையில் கொதிக்க வேண்டிய வெறும் தண்ணீர் ஏறத்தாழ 119 பாகை வரை கொதிக்காது. எஞ்சின் நின்று ஆறியதும் அழுத்தம் இறங்கிவிடும், ஊசித்துளை வழியே ஒன்றும் வராது. ஓடும்போது அதே துளையால் சீறி வெளியேறி, சூடான ரேடியேற்றரின் மேலேயே ஆவியாகிப் போகும். வாசலில் நிறுத்தின காருக்கு அடியில் சிமெந்து காய்ந்தே இருக்கும். இன்னொரு விளைவும் உண்டு: துளையால் அழுத்தம் போனால் கொதிநிலையும் இறங்கும். அதனால்தான் அரை லீற்றர் குறைவதற்குள்ளேயே சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறிவிடுகிறது.

ஒழுகும் இடத்தைத் தேடுவதற்கு எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் மூடியைத் திறந்து முகத்தைப் பொசுக்கிக்கொண்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கூலன்ட் காய்ந்த இடத்தில் வெள்ளை, பச்சை அல்லது இளஞ்சிவப்புப் படிவு நிற்கும். ரேடியேற்றரின் மேல் கீழ்த் தொட்டிகள் பிளாஸ்டிக் என்றால், அவை அலுமினியக் கோருடன் மடித்துப் பொருத்தப்பட்டிருக்கும் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். ஹோஸ் முனைகளில் கிளிப்புக்கு அடியில் படிவு இருக்கிறதா? வோட்டர் பம்பின் அடியில் சிறு துளை ஒன்று வைத்திருப்பார்கள். உள்ளே சீல் தேய்ந்தால் அதன் வழியாகத்தான் கசியும். முன் இருக்கையில் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட் ஈரமாகி இனிப்பு வாடை அடித்தால், ஒழுகுவது உள்ளே சூடு தரும் ஹீற்றரின் கோர். இவற்றில் ஒன்றும் அகப்படாவிட்டால், கைப்பம்ப் மாதிரி ஒரு கருவியை மூடியின் இடத்தில் பொருத்தி அழுத்தம் கொடுத்துப் பார்ப்பார்கள். பிரஷர் டெஸ்ட் என்று கேட்டால் நல்ல கராஜ் எதற்கும் தெரியும். எஞ்சின் குளிராக இருக்கும்போதே ஓடுகிற அழுத்தத்தை அது உண்டாக்கிவிடும், துளை தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இந்தத் தேடலில் பாதிப் பேருக்குப் போத்தலே தேவைப்படாமல் போகும் என்பது என் எண்ணம். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்திருந்தால் மூடியை மாற்றுங்கள். அதே அழுத்த எண் உள்ளதாக வாங்குங்கள், "பெரிய எண் நல்லது" என்று 0.9 இருந்த இடத்தில் 1.1 போட வேண்டாம். பழைய ஹோஸ் அதைத் தாங்காது. கிளிப் தளர்ந்திருந்தால் இறுக்குங்கள். ஹோஸை அமுக்கும்போது மொறுமொறுப்பாக இருந்தாலோ, முனை உப்பியிருந்தாலோ மாற்றுங்கள். ஹோஸ் வெடிப்பையும் பம்ப் சீலையும் மூடியையும் எந்தப் போத்தலும் சரிசெய்யாது. பம்ப் சீலில் கசிகிற வண்டிக்குள் துகள் உள்ள மருந்தை ஊற்றினால் சீலுக்கு இன்னும் கெடுதல்தான்.

சரி, போத்தலுக்குள் என்ன இருக்கிறது? பெயர்கள் பல, ஆனால் வேலை செய்யும் விதம் இரண்டுதான். ஒன்று, துகள் வகை. இழை, உலோகத் தூள், வாதுமைக் கொட்டை ஓட்டின் பொடி, இஞ்சிக் கிழங்குப் பொடி என்று தயாரிப்பாளருக்கு ஏற்ப மாறும். கூலன்டோடு சுற்றி வந்து, துளையில் இழுபட்டு, ஒன்றன்மேல் ஒன்று சிக்கி அடைக்கும். மஞ்சள் தூள் போட்டு லொறியை ஊர் கொண்டுவந்த கதைகளைப் பழைய சாரதிகள் சொல்வார்கள்; வேலை செய்யும் தத்துவம் அதுவேதான். மற்றது, இரசாயன வகை. பெரும்பாலும் சோடியம் சிலிக்கேற்று. அது திரவமாகவே சுற்றும், மிகுந்த சூடும் காற்றும் சந்திக்கிற இடத்தில் கண்ணாடி போல இறுகும். எஞ்சின் ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் காஸ்கெட்டுக்கு என்று விற்கப்படுபவற்றில் பல இந்த வகை.

நமது ஊர் கடற்படைத் துறைமுகம் என்பதால் ஒரு கடற்படைக் கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1958இல் வட துருவத்துப் பனிக்கு அடியால் போன அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கி நோட்டிலஸ், அந்தப் பயணத்துக்கு முன்னர் சியாட்டில் துறைமுகத்தில் நின்றது. நீராவியைக் குளிரவைக்கும் கண்டென்சரில் கடல்நீர்க் கசிவு, இடம் பிடிபடவில்லை. மாலுமிகள் சாதாரண உடையில் ஊருக்குள் போய், கார்களுக்கு விற்கிற ஸ்டொப் லீக்கை 140 டின் வாங்கி வந்து, அதில் பாதியளவை ஊற்றினார்கள். கசிவு நின்றது. அந்த வருடம் ஆகஸ்ட் 3 அன்று கப்பல் துருவத்தைக் கடந்தது. கடை மருந்தைக் கேவலமாகப் பேசுகிறவர்களுக்கு இது நல்ல பதில். கார் நிறுவனங்களே இதைச் செய்ததும் உண்டு. கடிலாக்கின் நோர்த்ஸ்டார் எஞ்சின்களில் இதற்கான மாத்திரையைத் தொழிற்சாலையிலேயே போட்டார்கள். சுபாருவும் தன் 2.5 லீற்றர் எஞ்சின் சிலவற்றுக்குத் தன் பெயரிலேயே ஒரு கலவையைச் சேர்க்கச் சொன்னது.

ஆனால் அங்கே அளவும் இடமும் தெரிந்தவர்கள் ஊற்றினார்கள். நம் கார்களின் ரேடியேற்றர் கோரில் இருப்பவை தட்டையான குழாய்கள். உள் இடைவெளி ஓரிரு மில்லிமீற்றர்தான். அதில் ஏற்கனவே என்ன இருக்கிறது என்பதுதான் நமது பிரச்சினை. கூலன்ட் வாங்கக் காசு போகுதே என்று வருடக்கணக்காகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிய வண்டிகள் இங்கே ஏராளம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கக் கடற்கரைக் கிணறுகளின் தண்ணீரில் தேநீர் போட்டுப் பார்த்தவர்களுக்கு அதில் எவ்வளவு உப்பு என்று தெரியும். அந்தத் தண்ணீர் குழாய்களுக்குள் சுண்ணாம்புப் படலத்தை விட்டுச் செல்லும், அலுமினியத்தை அரிக்கும். பாதி அடைந்த குழாய்க்குள் துகள் மருந்து போனால், துளையை அடைக்கிறதோ இல்லையோ, குழாயை அடைத்துவிடும். ஒழுக்கு நின்றுவிட்டது, ஆனால் சூடு முன்னைவிட ஏறுகிறது என்று வருகிற வண்டிகளின் கதை பெரும்பாலும் இதுதான். மூடியைத் திறந்து பார்க்கும்போது தண்ணீர் துரு நிறத்தில் இருந்தால், போத்தலை நினைக்கவே வேண்டாம்.

அளவும் ஒரு சிக்கல். விற்ஸ், ஆல்ட்டோ போன்ற சிறு கார்களில் எல்லாம் சேர்த்து 3 முதல் 5 லீற்றர் கூலன்ட்தான் இருக்கும். சில போத்தல்கள் அதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிய அமைப்புகளுக்கு என்று கணக்கிட்டவை. லேபிளைப் படிக்காமல் முழுவதையும் கவிழ்த்தால் மருந்தே நோயாகும். "ஒன்று போட்டேன், நிற்கவில்லை, இன்னொன்றும் போட்டேன்" என்பது அதைவிட மோசம். முதல் போத்தலில் நிற்காத கசிவு, போத்தலால் நிற்கிற கசிவே இல்லை.

வெளிநாட்டு அறிவுரைகளில் ஹீற்றர் கோர் அடைபடும் என்ற எச்சரிக்கை முதலில் வரும். நமக்கு ஹீற்றர் எதற்கு என்று சிரிக்கலாம். திருகோணமலையில் ஹீற்றரைப் போடுகிறவர் யார்? இருந்தாலும் முள் சிவப்புக்கு ஏறும்போது ஹீற்றரை முழுதாகத் திறந்துவிட்டு, ஜன்னல்களையும் இறக்கி, எஞ்சின் சூட்டில் ஒரு பங்கை உள்ளே இழுத்து வெளியே விடுவது நல்ல அவசர வழி. சிறு ரேடியேற்றர் போன்ற அந்தக் கோர் அடைபட்டால் அந்த வழியும் மூடிவிடும்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிரியஸ், அக்வா, அக்சியோ ஹைபிரிட் போன்றவற்றில் எஞ்சினுக்கு ஒரு கூலன்ட் சுற்று, பற்றரி மின்சாரத்தை மோட்டருக்கு மாற்றித் தரும் இன்வேட்டருக்கு வேறொரு சுற்று. இன்வேட்டர் சுற்றில் ஒரு சிறு மின்பம்ப்தான் தண்ணீரைத் தள்ளுகிறது. அதற்குள் எந்தப் போத்தலும் போகக்கூடாது, அவசரத்துக்கும் கூடாது. அடைத்துக்கொண்டால் போவது ரேடியேற்றர் இல்லை, இன்வேட்டர். மூன்றாம் தலைமுறைப் பிரியஸ், அக்வா எஞ்சின்களில் எஞ்சின் பக்கப் பம்பும் மின்சாரத்தில் ஓடுவதுதான். அந்தப் பிரியஸில் ஈஜிஆர் கூலர் (எஞ்சினுக்குத் திரும்பும் புகையைக் குளிரவைக்கும் பாகம்) அடைப்பும் ஹெட் காஸ்கெட் பழுதும் உலகம் முழுக்கப் பேசப்பட்டவை. தண்ணீர் குறைகிறது என்றால் அங்கே முதல் சந்தேகமே வேறு.

இனி ரேடியேற்றர் வேலை. உங்களிடம் இருப்பது பித்தளை, செம்பு ரேடியேற்றரா, அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் தொட்டியுமா என்பதில் எல்லாம் மாறும். பழைய டொல்பின் வான், லொறி, டிரக்டர் வகைகளில் செம்பு இருந்தால் அதிர்ஷ்டம்: கழற்றி, சுத்தம் செய்து, ஈயம் வைத்து அடைத்தால் இன்னும் பல வருடம் ஓடும். மேல் தொட்டியைத் திறந்து குழாய்களுக்குள் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்வதும் சாத்தியம். இதை நேர்த்தியாகச் செய்கிற கைகள் இருக்கும்வரை போத்தலுக்கு அங்கே இடமில்லை.

அலுமினியம், பிளாஸ்டிக் வகையில் கதை வேறு. பிளாஸ்டிக் தொட்டியில் மயிர்க்கோடு விழுந்தால் இப்பொக்சி பூசி ஒட்டித் தருவார்கள். சில மாதம் நிற்கும், சில வேளை அடுத்த நீண்ட பயணத்திலேயே பக்கத்தில் இன்னொரு கோடு விழும், ஏனென்றால் சூடு தின்றது முழுத் தொட்டியையும், ஒரு கோட்டை மட்டும் அல்ல. மடிப்பு விளிம்பில் ரப்பர் மட்டும் போயிருந்தால், திறந்து ரப்பரை மாற்றி மறுபடி மடிக்கலாம். செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்தால் அது நல்ல வேலை. கோரில் துளை என்றால் அலுமினிய வெல்டிங் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் கடலோரத்து வண்டிகளில் முதலில் குழாய்களுக்கு இடையிலுள்ள மெல்லிய தகட்டுச் செதில்களைத் தொட்டுப் பாருங்கள். உப்புக் காற்றில் அவை விரல் பட்டால் உதிர்கிற நிலையில் இருந்தால், துளையை அடைத்தும் பயனில்லை. சூட்டை வெளியேற்றுவது அந்தச் செதில்கள்தான்.

அந்த நிலையில் மாற்றுவதே மலிவு. இங்கே மூன்று வழி. கம்பனி அசலானது விலை கூட, பல மாதிரிகளுக்குக் காத்திருக்கவும் வேண்டும். ஜப்பானில் இருந்து வந்த பாவித்த ரேடியேற்றர் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும், இரவு பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னால் காலையில் ஊருக்கு வந்துவிடும். ஆனால் அதன் வயதும் உங்கள் வண்டியின் வயதும் ஒன்றாக இருக்கலாம், பிளாஸ்டிக்கின் நிறம் பழுப்பேறியிருந்தால் வாங்கவே கூடாது. மூன்றாவது, சீனா அல்லது தாய்வானில் செய்த புதியது. நான் தேர்ந்தால் இதைத்தான் தேர்வேன், கோரின் தடிப்பும் செதில் நெருக்கமும் பழையதை ஒத்திருக்கிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு. எதைப் போட்டாலும் அன்றைக்கே புது மூடி, புது ஹோஸ்கள், காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்த கூலன்ட். கிணற்றுத் தண்ணீரைத் திரும்ப ஊற்றினால் புதிய ரேடியேற்றரும் அதே வழியில் போகும்.

ஹெட் காஸ்கெட்டைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும், காரணம் அங்கேதான் போத்தலின் வாக்குறுதி பெரிது, வேலையின் செலவும் பெரிது. அடையாளங்கள் தெரிந்தவை: காலையில் வெள்ளைப் புகை நிற்காமல் வருவது, ரேடியேற்றருக்குள் தொடர்ந்து குமிழி, ஒயில் பால் கலந்த நிறமாவது, எஞ்சின் தொடங்கிச் சில நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது. நீல நிறத் திரவம் வைத்துச் செய்யும் சோதனை ஒன்று உண்டு. எரிந்த வாயு கூலன்டுக்குள் வந்தால் திரவம் மஞ்சளாகும். அது மஞ்சளானால் ஹெட்டைக் கழற்றி, லேத் கடையில் அதன் முகத்தைச் சமப்படுத்தி, புதிய காஸ்கெட் போடுவதுதான் வேலை. சோடியம் சிலிக்கேற்று மருந்து சிறு கசிவை சில நேரம் நிறுத்தும் என்பது உண்மை. ஆனால் வளைந்த ஹெட்டை அது நேராக்காது. கூலன்டோடு சேர்ந்தால் கூழாகிவிடும் என்பதால், பழைய கூலன்டை முழுதாகக் கழுவி வெறும் தண்ணீரில் ஊற்றச் சொல்லிப் பல லேபிள்களில் எழுதியிருக்கும். அதைச் செய்கிறவர்கள் குறைவு. 2009இல் அமெரிக்க அரசு பழைய கார்களை வாங்கி ஒழிக்கும் திட்டம் நடத்தியபோது, அந்த எஞ்சின்கள் திரும்ப ஓடாதபடி கொல்ல ஒயிலுக்குப் பதிலாக ஊற்றச் சொன்னது சோடியம் சிலிக்கேற்றுக் கரைசலைத்தான். காஸ்கெட் உடைந்து கூலன்டும் ஒயிலும் கலக்கிற எஞ்சினுக்குள் அதையே ஊற்றுவதை யோசித்துப் பாருங்கள். உடைத்து விற்கப் போகிற வண்டியில் வேண்டுமானால் பார்க்கலாம்.

அப்படியென்றால் போத்தல் எப்போது? ஹபரணை வீதியை எடுத்துக்கொள்வோம். கந்தளாய் தாண்டியதும் காடு. பின்னேரத்துக்குப் பிறகு யானை ஏறுகிற இடத்தில் காரை நிறுத்திவிட்டு உதவிக்குக் காத்திருக்க யாரும் விரும்பமாட்டார்கள். அங்கே கோரில் சிறு துளை என்று கண்ணால் கண்டால், எஞ்சின் ஆறிய பிறகு லேபிளில் சொன்ன அளவை ஊற்றி, அது சுற்றிவரும் வரை ஓடவிட்டு, ஊர் போய்ச் சேர்வது புத்திசாலித்தனம். ஹொரவப்பொத்தானைப் பக்கம் அனுராதபுரம் போகிறவர்களுக்கும், புல்மோட்டைக்கு அப்பால் போகிறவர்களுக்கும் இதே கணக்கு. நகரத்துக்குள், உப்புவெளியில் இருந்து கராஜுக்கு வருகிற தூரத்துக்கு அது தேவையே இல்லை.

போத்தலைவிட மலிவான வழி ஒன்றும் இருக்கிறது: பத்துக் கிலோமீற்றருக்கு ஒரு தம்ளர் குறைகிற கசிவு என்றால், டிக்கியில் ஐந்து லீற்றர் சுத்தமான தண்ணீர் போதும். முள்ளைப் பார்த்துக்கொண்டு, ஏசியை நிறுத்தி, மெதுவாக ஓட்டி, நிறுத்தி ஆறவிட்டு ஊற்றிக்கொண்டு வரலாம். எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியை அரைத் திருப்பு தளர்த்தி வைத்துவிட்டு ஓட்டுகிற பழைய சாரதிகளும் உண்டு: அழுத்தம் இல்லாததால் துளையால் குறைவாகப் போகும், ஆனால் கொதிநிலை 100க்கு இறங்கும். ஏற்றமில்லாத நம் வீதிகளில் அது ஓரளவு எடுபடும், கண்டிப் பக்கம் ஏறுகிறவர் செய்யக்கூடாது.

ஊற்றி ஊர் வந்துவிட்டால், கராஜில் அதைச் சொல்லிவிடுங்கள். "அண்ணே, முதல்ல ஏதும் ஊத்தினீங்களா?" என்று கேட்கும்போது இல்லை என்றால், புதிய ரேடியேற்றரைப் பொருத்தி எஞ்சினுக்குள் இருக்கிற மீதித் துகளை அதற்குள் அனுப்பி வைப்பார்கள். பழையதைக் கழற்றும் முன் எஞ்சினையும் ஹீற்றர் கோரையும் இரு திசையிலும் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், சூட்டுக்கு ஏற்பக் கூலன்டுக்கு வழி திறக்கும் தேர்மோஸ்டாட்டை எடுத்துப் பார்க்க வேண்டும், எக்ஸ்பான்ஷன் தொட்டியையும் அதன் மெல்லிய குழாயையும் தனியாகச் சுத்தம் செய்ய வேண்டும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களும் இதே அடையாளங்களைத் தேடலாம். ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து, விரலை உள்விளிம்பில் ஓட்டுங்கள். பழுப்புச் சேறு, மணல் போன்ற துகள், வெயிலில் மினுங்குகிற பொடி ஏதாவது ஒட்டினால் யாரோ ஏற்கனவே போத்தல் கவிழ்த்திருக்கிறார்கள். அதற்காகக் காரை வேண்டாம் என்று விட வேண்டியதில்லை. பிரஷர் டெஸ்டும் நீலத் திரவச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு, ரேடியேற்றர், ஹோஸ், கழுவும் கூலி எல்லாவற்றையும் விலையில் கழித்துக் கேளுங்கள்.